வார்டன் பார்த்த தொடர்

அவள் வருவதற்கு முன்பே அவளுடைய சாவிகள் வந்துவிடும். பண்டக அறை, மொட்டை மாடிக் கதவு, நோயாளிகளுக்கான அறை, பின்வாசல் என்று அத்தனை பூட்டின் சாவிகளும் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும். நடந்தால் சலசலக்கும். மாணவிகள் அவளுக்கு வைத்த பெயரே சாவிக்கொத்துதான். "ஏய், சாவிக்கொத்து வருதுடி" என்று மாடிப்படியில் ஒரு குரல் கிளம்பினால் போதும், எல்லா அறைகளிலும் புத்தகங்கள் தாமாகத் திறந்துகொள்ளும். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதுதான் வார்டன் வேலையில் பாதி.

பெண்கள் பள்ளி ஒன்றின் விடுதி அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மைதானத்தைத் தாண்டி, மூன்று மாடிக் கட்டடம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குத் தங்கை மட்டும்தான் மிச்சம். தங்கையைப் படிக்கவைக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துக் கிடைக்கும் வேலையாக இது அமைந்தது. தங்கை படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பிள்ளைகளையும் பெற்றாள். அக்கா விடுதியிலேயே நின்றுவிட்டாள். "உனக்குன்னு ஒண்ணு பாத்துக்கலாம்க்கா" என்று தங்கை கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, காலம் அப்படி ஓடிவிட்டது.

கண்டிப்பானவள். ஆனால் கொடுமைக்காரி இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். சமையல்காரர் ரொட்டியைக் கருக்கிவிட்டால் மாணவிகளுக்காக அவரோடு மல்லுக்கு நிற்பாள். இருந்தாலும் எந்தப் பெண்ணும் அவளிடம் வந்து ஒரு கதை பேசியதில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். வருஷக்கணக்காக அவள் கேட்டதெல்லாம் பாதியில் அறுந்த சிரிப்புகள்தான்.

அன்று விடியற்காலையில், எழுப்பும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், இரண்டாம் மாடியில் ஒரு போர்வைக்குள் நீல வெளிச்சம் தெரிந்தது. சாவி வளையத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூனைபோல் போய்ப் போர்வையை விலக்கினாள். உள்ளே நண்டு.

நண்டு என்பது தோழிகள் வைத்த பெயர். ஒன்பதாம் வகுப்பு. ஒல்லியாக, குட்டையாக, பக்கவாட்டில் நழுவி நழுவி நடப்பாள். அப்பா கிடையாது. அம்மா வேறொரு ஊரில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வரும் வேலை, பிள்ளையைத் தனியாக வீட்டில் விட முடியாது. அதனால்தான் விடுதி.

"என்னடி இது?"

"மேடம்... கார்ட்டூன் மேடம்."

"இந்த வயசுல கார்ட்டூனா?"

"இது பெரியவங்களும் பாக்கறதுதான் மேடம். ஜப்பான் அனிமே. ஹாஸ்டல் கதை. பொண்ணுங்க ஹாஸ்டல்ல தெரியாம ஒரு பையனச் சேத்துடுவாங்க. நம்மள மாதிரியே ஒரு வார்டன்கூட இருக்காங்க மேடம்."

"நம்மள மாதிரியா? கொண்டா இங்க."

விடுதியில் விதி இருந்தது. போன், டேப்லெட் எல்லாம் வார்டன் அறை பீரோவில்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் மட்டும் பொது அறையில் உட்கார்ந்து வீட்டாரோடு பேசலாம். மீறினால் மாத முடிவுவரை பறிமுதல். நண்டு அந்த டேப்லெட்டைத் திருப்பி ஒப்படைக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். சட்டப்படி அது பீரோவுக்குப் போயிற்று. அதுவரை வார்டன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. நண்டின் அம்மாவுக்கும் அலுவலகத்திலிருந்து போன் போட்டு, மாத முடிவில் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று முறையாகச் சொல்லிவிட்டார்கள்.

விடுதியின் பகல் வேளையை மாணவிகள் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் பள்ளிக்குப் போனதும் கட்டடத்தில் திடீரென்று காதடைக்கிற அமைதி வந்துவிடும். கட்டில் கம்பிகளில் ஈரத் துண்டுகள் தொங்கும். குளியலறைச் சல்லடையில் முடி சுருண்டு கிடக்கும். சொட்டும் குழாய்களை மூடி, சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறிகளை நிறுத்தி, மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டால், பள்ளி மணி அடிக்கும்வரை வார்டனுக்கு என்று ஒரு வேலையும் இருக்காது. அந்த நேரத்தில் அவள் துணி தைப்பாள், இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நம்மள மாதிரியே ஒரு வார்டன். அந்த வார்த்தை முள் மாதிரி மனதில் தைத்திருந்தது. கேலி செய்திருப்பார்கள், வேறென்ன. என்னதான் கேலி என்று பார்த்துவிடலாமே. பீரோவைத் திறந்து டேப்லெட்டை எடுத்தாள். நண்டின் அம்மா முன்பு வைத்திருந்த பழைய டேப்லெட் அது, கடவுச்சொல்கூடக் கிடையாது. தொட்டதும் விட்ட இடத்திலிருந்து படம் ஓட ஆரம்பித்தது. ஒன்றும் புரியவில்லை. தட்டுத்தடுமாறி முதல் பாகத்துக்குப் போனாள்.

பேச்சை நம் மொழியில் ஒட்டவைத்திருந்தார்கள். வாய் மூடிய பிறகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பெயரைப் படித்துப் பெண் என்று நினைத்து ஒரு பையனைப் பெண்கள் விடுதியில் சேர்த்துவிடுகிறார்கள். பரணில் அவனை ஒளித்துவைக்கிறாள் வகுப்புத் தலைவி. இருவருக்கும் சண்டை, சண்டைக்கு அடியில் ஆசை. வார்டன் எதிர்பார்த்ததைப் போலவே அந்தக் கதை வார்டனும் கேலிப் பொருள்தான். மலைபோல உடம்பு, கையில் செருப்பு, குறட்டை. "அடப்பாவிகளா" என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். சிரிக்கவும் செய்தாள். சிரித்துவிட்டு, யாரும் கேட்டுவிட்டார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாலைந்து பாகங்கள் போன பிறகு ஒரு காட்சி வந்தது. குண்டு வார்டனின் சைக்கிள் செயின் அறுந்துபோகிறது. மறுநாள் காலை அது சரிசெய்யப்பட்டு அவள் அறை வாசலில் நிற்கிறது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. தூரத்தில் விடுதித் தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், காதெல்லாம் சிவந்திருக்கிறது. அவ்வளவுதான், அதற்குள் பையன் எதிலோ வழுக்கி விழ, கதை வேறு பக்கம் போய்விட்டது.

சாவிக்கொத்து அந்தக் காட்சியைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். எத்தனையோ படங்களில் வார்டன்களைப் பார்த்திருக்கிறாள். வாசலில் நின்று முறைப்பார்கள், கதாநாயகன் சுவரேறிக் குதித்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடும். ஒரு வார்டனுக்கும் கதை இருக்கலாம் என்று யாரும் நினைத்து இதுவரை அவள் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது பைத்தியம். மதியச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கினாள். "என்ன மேடம், ரயிலப் புடிக்கணுமா?" என்று சமையல்காரர் கிண்டல் செய்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பையனும் தலைவியும் என்ன ஆனால் அவளுக்கென்ன? தோட்டக்காரர் எப்போது வருவார் என்றுதான் பார்த்தாள். அந்தப் பாவி மனிதரை ஒரு பாகத்தில் அரை நிமிஷம் காட்டினார்கள், அடுத்ததில் அதுவும் இல்லை. தொடரோ போகப் போகச் சவ்வாக இழுத்தது. ஒவ்வொரு பாகத்திலும் யாராவது குளியலறையில் வழுக்கினார்கள். பையன் மனதில் இருப்பதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது கதவைத் திறந்தார்கள். "இதுக்கு ஒரு முடிவே இல்லையா" என்று அலுத்துக்கொண்டே அடுத்ததைத் தொட்டாள்.

இதற்கிடையில் மாதம் முடிந்தது. நண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், டேப்லெட்..."

இன்னும் மூன்று பாகங்கள் பாக்கி இருந்தன. "ஹெச்எம் கிட்ட கேக்கணும், அப்புறம் வா" என்றாள் வார்டன். அப்படி ஒரு கேள்வியே தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லும்போதே காது மடல் சூடேறியது. நண்டு தலையாட்டிவிட்டுப் பக்கவாட்டில் நழுவிப் போய்விட்டாள். அவள் அடம்பிடித்திருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. எதிர்த்துப் பேசாத பிள்ளையிடம்தான் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லிவிட முடிகிறது!

அடுத்த நாள் மதியம் படம் ஓடிக்கொண்டிருந்தபோது திரையின் மேலிருந்து ஒரு பட்டை இறங்கியது. 'அம்மா' என்று எழுதி, பக்கத்தில் பச்சை வட்டமும் சிவப்பு வட்டமும். கூடவே ஒரு பாட்டும் ஒலித்தது. திருடியபோது கையைப் பிடித்ததுபோலத் துள்ளிவிழுந்தாள். விரல் தன்னால் சிவப்பைத் தொட்டது. பட்டை மறைந்தது, படம் தொடர்ந்தது. பெண் பள்ளியில்தானே இருக்கிறாள், எடுத்து என்ன சொல்வது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் பட்டை இறங்கியது. இந்த முறை துள்ளவில்லை. ஈயை விரட்டுவதுபோல விரலால் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பொது அறையில் ஒரே இரைச்சல். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு அழுகை, சிரிப்பு, வீட்டு நாய்க்குக் கொஞ்சல். பொது அறைக்கும் வார்டன் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். டேப்லெட் இல்லாத நண்டு அந்தச் சுவரில் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டன் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கடைசிப் பாகம் ஒன்றுதான் மீதி. முடித்துவிட்டால் உடனே கொடுத்துவிடலாம், பிள்ளையும் பேசிக்கொள்வாள் என்பது கணக்கு.

கதையில் தோட்டக்காரர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறார். குண்டு வார்டன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வருகிறாள். அந்த நேரத்தில் பட்டை இறங்கியது. அம்மா. தள்ளினாள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வார்டன் அவர் எதிரே நிற்கிறாள். அம்மா. தள்ளினாள். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றி வாயைத் திறக்கிறார். மறுபடியும் அம்மா. "சே, ஒரு நிமிஷம் இரும்மா" என்று வாய்விட்டே சொல்லிச் சிவப்பை அழுத்தினாள்.

தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து வந்த பையன் குளத்தில் விழுந்தான், எல்லோரும் ஓடினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. அவ்வளவுதான். அடுத்த பாகம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை. பஸ் வந்ததா, அவர் ஏறினாரா, அதைக்கூடக் காட்டவில்லை. ஏமாற்றத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் இதற்காகவா என்று டேப்லெட்டைக் கட்டிலில் எறிந்தாள். சார்ஜ் இல்லாமல் அது அணைந்தும் போயிற்று. எரிச்சலில், உடனே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்ததும் மறந்துபோயிற்று.

ஞாயிறு சாயங்காலம்தான் நண்டைக் கூப்பிட்டு, "இனிமே இந்த மாதிரி வச்சிக்காத" என்று ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுத்தாள். நண்டு சார்ஜ் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை நண்டின் சித்தி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வயிற்றில் கட்டி, அன்று காலை ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது, பயப்பட வேண்டாம் என்று பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்லும் பொறுப்பு வார்டனுக்கு வந்தது. பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னாள். நண்டு அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா சனிக்கிழமை நெறைய தடவ கூப்பிட்டிருக்காங்க மேடம். பீரோக்குள்ள சத்தம் கேக்கலையா?"

வார்டன் சாவி வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். "பீரோ பூட்டியிருந்துச்சு. எனக்கெப்படிம்மா கேக்கும்?"

"ஆமால்ல" என்றாள் நண்டு.

அந்த 'ஆமால்ல' வார்டனைத் தூங்கவிடவில்லை. முன்னைவிட இரண்டு மடங்காக நண்டைக் கவனித்தாள். தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைக்கச் சொன்னாள். சித்தியோடு பேச அலுவலகப் போனை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நண்டும் "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தேங்க்ஸும் கன்னத்தில் அறைந்தது. சில வாரம் கழித்து அம்மாவே பார்க்க வந்தாள். நிறம் வெளுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். மைதானத்து மரத்தடியில் தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்ததை வார்டன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே இறங்கிப் போய் வணக்கம் சொல்லக் கால் வரவில்லை. வேலையிருப்பதுபோலப் பண்டக அறைக்குள் புகுந்து மூட்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

இத்தோடு போயிருக்கும். யாருக்கும் தெரியாமல், உள்ளே ஒரு கல்லாகக் கிடந்திருக்கும். அவள் வாய்தான் அதைக் கெடுத்தது.

அடுத்த பருவம் தொடங்கிய புதிதில், சாயங்காலச் சாப்பாட்டு நேரம். வார்டன் மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒருத்தி அந்தத் தொடரைப் பற்றித் தோழிகளிடம் அளந்துகொண்டிருந்தாள்.

"கடைசியில அந்த தோட்டக்காரர் பஸ் ஏறிப் போயிடுவாருடி. வார்டன் லேட்டா வருவா."

"லேட்டா எல்லாம் வரல" என்றாள் சாவிக்கொத்து.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் சொன்னது தான் என்று தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. எத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரம்! "சரியான நேரத்துக்குத்தான் வர்றா. அவரும் தொப்பியக் கழட்டிட்டு என்னமோ சொல்ல வாயத் தொறக்கறாரு. அதுக்குள்ள அந்தத் தறுதலப் பையன் குளத்துல விழுந்து தொலைக்கிறான். பஸ் வந்துச்சா இல்லையான்னே காட்டல. இவ்வளவு இழுத்தானுங்களே, அந்த ரெண்டு பேரையும் ஒரு வார்த்த பேச விட்டா என்ன கொறஞ்சா போயிடுவானுங்க?"

ஒரு கணம் ஸ்பூன் சத்தம்கூட இல்லை. பிறகு கூரை பறந்தது. "மேடம்! நீங்க பாத்தீங்களா!" "ஐயோ மேடம், மொக்கதானே முடிவு?" "மேடம், அந்தத் தலைவி சுத்த லூசுல்ல?" எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோ அவள் கையையே பிடித்துக் குலுக்கினாள். வார்டனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவளைச் சுற்றி நின்று, அவளோடு சேர்ந்து பிள்ளைகள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வெட்கமும் சந்தோஷமுமாகத் திரும்பியவள் நண்டைப் பார்த்தாள்.

நண்டு சிரிக்கவில்லை. அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தொடரை அவள் திறந்தே பார்க்கவில்லை. கடைசிப் பாகங்கள் இன்னும் அவளுக்கு மிச்சமிருந்தன. ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுல பாத்தீங்க மேடம்?"

வார்டனிடம் இருப்பது பட்டன் போன் என்பது விடுதிக்கே தெரியும். அது கெட்டுப்போனால் ஒட்டுப் போட்டு வைத்துக்கொள்பவள் அவள்.

சத்தம் மெல்ல அடங்கியது.

"ரெண்டு ரிங் போயி யாரோ கட் பண்ணாங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றாள் நண்டு. குரல் உயரவில்லை. கணக்குப் போடுகிறவள்போல மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பீரோக்குள்ள இருந்தா யாரு கட் பண்ணுவாங்கன்னு நான் யோசிச்சிட்டே இருந்தேன்."

அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். தப்புதான் என்று ஒரு வார்த்தை. அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வார்டன் சொன்னது இதுதான்:

"சாப்பிடு. ஆறிடும்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். தண்டனை கொடுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவள் வயதே ஆன தலைமையாசிரியை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீங்களா? கார்ட்டூனா? அதுவும் லவ் ஸ்டோரி?"

"அது இல்லைங்க மேடம். அந்தப் பொண்ணோட அம்மா கூப்பிட்டப்போ..."

"அதான் ஆபரேஷன் நல்லா முடிஞ்சிடுச்சே. பிரச்சினை ஒண்ணும் ஆகலையே. அவங்க புகார் எதுவும் குடுத்தாங்களா? இல்லல்ல. போங்க, போய் வேலையப் பாருங்க. நானும் பயந்தே போயிட்டேன், என்னமோ ஏதோன்னு."

அன்று மதியமே கதை ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிட்டது. பாதிக் கதை, சிரிக்கிற பாதி மட்டும். "மேடம், புதுசா எதுவும் வந்துருக்கா?" என்று கணக்கு டீச்சர் கண்ணடித்தார். காவலாளிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த வார விடுமுறை நாளில் பஸ் பிடித்து நண்டின் அம்மா வேலை செய்யும் ஊருக்குப் போனாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் கவுன்ட்டர் எதிரேதான் இருந்தது. வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக டிக்கெட் வாங்கி நகர்ந்தார்கள். கம்பிக்குப் பின்னால் அந்த முகம் நிமிர்ந்தது.

"எந்த ஊரு?"

"நான் விடுதி வார்டன்மா."

அம்மா பக்கத்துக் கவுன்ட்டர்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்தாள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நண்டு எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வார்டன் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு மறந்துபோயிற்று.

"எம்மேல தப்புதான்மா. நீங்க ஆபீஸுக்காவது அடிச்சிருக்கக் கூடாதான்னு தோணுச்சு. அப்படித் தோணினதும் தப்புதான்."

"ஆபீஸுக்கு அடிச்சா ஊரே கேக்கும். அவ மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. ஒரு பஸ் உறுமிக்கொண்டு பின்வாங்கியது. அது நகரும்வரை பொறுத்திருந்தாள். "கட்டி நல்லதா கெட்டதான்னு அப்போ தெரியாது. திரும்பி வருவேனான்னே தெரியாது. அவகிட்ட என்னென்னமோ சொல்லணும்னு இருந்துச்சு. ரிங் போகும், கட் ஆகும். எம்பொண்ணுதான் கோவத்துல கட் பண்றான்னு நெனச்சுக்கிட்டேன் மேடம். ஹாஸ்டல்ல சேத்ததுக்கு அவளுக்கு எம்மேல கோவம் இருந்துச்சு. அந்த நெனப்போடதான் ஆபரேஷனுக்கு உள்ள போனேன்."

இதை வார்டன் எதிர்பார்த்திருக்கவில்லை. தான் செய்ததன் முழு நீளத்தையும் அப்போதுதான் பார்த்தாள். விரலால் தள்ளிவிட்டது ஒரு பட்டையை மட்டும் இல்லை.

"இப்ப பேசிக்கிட்டீங்கல்லம்மா?" என்று கேட்டாள், கேட்கக் கூடாது என்று தெரிந்தும்.

"பேசறோம். ஆனா அன்னிக்கு சொல்ல நெனச்சத இப்ப சொல்ல வரமாட்டேங்குது. பயம் போயிடுச்சுல்ல." எழுந்துகொண்டாள். "வரிசை நிக்குது. நீங்க திரும்பிப் போக டிக்கெட் வாங்கிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். அம்மா கவுன்ட்டருக்குள் போய் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே டிக்கெட்டைக் கிழித்துக் கம்பி வழியாக நீட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நண்டு அந்த வருஷத்தோடு விடுதியை விட்டுவிட்டாள். சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு வர ஏற்பாடாயிற்று. பெட்டியை இறக்க வார்டன் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். வாசலில், "வரேன் மேடம்" என்றாள் நண்டு. நல்ல வளர்ப்பு. வார்டன் அவள் தலையைத் தொடப் போனாள். நண்டு குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தாள். நீட்டிய கையை வார்டன் இழுத்துக்கொண்டாள்.

விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. போன மாதமே அவள்தான் போனில் தங்கையிடம் சொல்லியிருந்தாள். சிரிக்கிற பாதியைத்தான். இரண்டு நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டில் தங்கையின் கணவர் ஆரம்பித்தார்.

"அக்கா, அந்த தோட்டக்காரர் கதையக் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன். பசங்க கேக்கட்டும்."

"பெரியம்மா, நெஜமாவே எல்லார் முன்னாடியும் உளறிட்டியா?" என்று பெரியவன் கேட்டான்.

அவளும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். குண்டு வார்டன் சைக்கிள் மிதிப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்து காட்டினாள். ரேடியோவின் குரலில் பேசினாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றியதையும் விடவில்லை. சின்னவனுக்குப் புரையேறிவிட்டது. தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வார்டன்தான். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தபோது, பஸ் நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முகம் எதிரே வந்து நின்றது.

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

"சொல்லுக்கா, சொல்லு" என்றாள் தங்கை, அடுத்த சிரிப்புக்குத் தயாராக.

சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணை, பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியதை, அம்மா அம்மா அம்மா என்று இறங்கிய பட்டையை, பீரோ பூட்டியிருந்தது என்ற பொய்யை, பஸ் நிலையத்தில் கேட்டதை, எதையும் குறைக்காமல் சொன்னாள். நடித்துக் காட்டவில்லை. பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்தார்கள். தங்கையின் கணவர் தண்ணீர்த் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

தங்கை, "இத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

தங்கை குழம்புக் கிண்ணத்தை அக்கா பக்கம் நகர்த்தினாள். "சின்னவனே, பெரியம்மாவுக்குத் தண்ணி ஊத்து" என்றாள். அவன் ஊற்றினான். எல்லோரும் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள்.